சாவிக்கு அடங்கியவை

தமிழ் இலக்கணம் ஆறாம் வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளைத் தற்கிழமை என்றும் பிறிதின் கிழமை என்றும் இரண்டாகப் பகுக்கிறது. 'சாத்தனது கை' என்னும்போது கை சாத்தனை விட்டுப் பிரியாதது ஆதலின் அது தற்கிழமை. 'சாத்தனது வீடு' என்னும்போது வீடு அவனுக்கு வேறாக நின்று அவனுக்கு உரியதாவதால் அது பிறிதின் கிழமை. இரண்டு உறவுக்கும் உருபு ஒன்றே என்பதால், ஒரு பொருள் எந்தக் கிழமையைச் சேர்ந்தது என்பதைச் சொல்லைக் கொண்டு அறிய முடியாது. பொருளின் இயல்பை ஆராய்ந்தே அறிய வேண்டும். அந்த ஆராய்ச்சியும் எப்போதும் எளிதாக முடிவதில்லை. 'முருகனது வேல்' என்பதைப் பிறிதின் கிழமைக்குக் காட்டாகத் தருவது இலக்கண வழக்கு. ஆனால் சைவர் அந்த வேலை ஞானசக்தி என்று கொள்வர், யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் கருவறையிலோ வேலே மூலவராக நிற்கிறது. கையில் கொடுக்கப்பட்ட கருவி எந்தக் கட்டத்தில் கைக்குரியவனின் வடிவமே ஆயிற்று என்று இலக்கணி கேட்டால், பக்தன் அந்தக் கேள்வியையே புரிந்துகொள்ள மாட்டான்.

இதே சிக்கல் பழைய கார்களிலும் எழுகிறது. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் உருவான எம்.ஜி.பி. என்னும் இருவர் அமரும் காரை எடுத்துக்கொண்டால், 'காரின் சக்கரம்' என்பதும், பிற்காலத்து உரிமையாளர் ஒருவர் பொருத்திய பனிமூட்ட விளக்கை எண்ணிக் 'காரின் விளக்கு' என்பதும் ஒரே உருபைத்தான் பெறுகின்றன. பின்னர் வந்து சேர்ந்த ஒரு பொருள் எந்த நிலையில் பழைய முழுமையின் உறுப்பாகிறது என்பது மெய்யியல் கேள்வி. புதிய விளக்குக்கான கம்பியை இக்னிஷன் சுவிட்ச், அதாவது எஞ்சினின் எரியூட்டலைத் திறந்து மூடும் சாவித்துளைச் சுவிட்ச், வழியாக எடுப்பதா, பேட்டரியிலிருந்து நேரே எடுப்பதா என்பது பட்டறைக் கேள்வி. முதற்கேள்வியை நூல்களைவிடத் துல்லியமாகப் பட்டறைக் கேள்வி கேட்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நூல்கள் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். நியாய வைசேடிக மரபினர் இரு பொருள்கள் சேர்வதைச் சையோகம், சமவாயம் என்று பிரித்தனர். மேசைமேல் வைத்த நூல் மேசையோடு கொள்ளும் உறவு சையோகம். அது வரும், போகும். இழைகளுக்கும் அவற்றால் ஆன துணிக்கும் உள்ள உறவு சமவாயம். அதைப் பிரித்தால் துணி என்ற ஒன்றே இல்லாது போகும். உறுப்புகளை அவயவம் என்றும், அவற்றில் சமவாயமாய்த் தங்கும் முழுமையை அவயவி என்றும் அவர்கள் அழைத்தனர். இந்த அவயவி மிகவும் மென்மையான பொருள்: ஓர் உறுப்புக் கூடினாலோ குறைந்தாலோ பழைய அவயவி அழிந்து புதிய அவயவி தோன்றும் என்பது அவர்கள் துணிபு. அக்கொள்கையைக் கண்டிப்பாகப் பின்பற்றினால், ஒரு விளக்கு உறுப்பாகச் சேர்ந்த கணத்தில் 1962ஆம் ஆண்டுக் கார் மறைந்து, அதே இடத்தில் அதே பதிவெண்ணுடன் நேற்றுப் பிறந்த கார் ஒன்று நிற்கும். பழமையைப் பெரும் விலை கொடுத்து வாங்கியவருக்கு இது உவப்பான முடிவாக இராது. பௌத்தர் எதிர்த் திசையில் சென்றனர். கிரேக்க அரசன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்னும் பிக்குவுக்கும் நடந்ததாகப் பாலி நூல் ஒன்று கூறும் உரையாடலில், அச்சோ சக்கரமோ நுகமோ தேர் ஆகாது, அவை நீங்கலாகவும் தேர் இல்லை, தேர் என்பது அவை கூடிய நிலையில் வழங்கும் பெயர் மட்டுமே என்று நிறுவப்படுகிறது. அப்படியானால் பிற்சேர்க்கை என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனெனில் சேர்வதற்குரிய 'அது' என்ற ஒன்று முன்பே இல்லை.

நீதிமன்றங்களும் அரசுகளும் இவ்விரு முனைகளிலும் நிற்க முடியாதவை. அவை ஏதோ ஓரிடத்தில் கோடு கிழித்தே ஆக வேண்டும். 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தை வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பெண்ட்லி கார் 1990இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் பொருளாயிற்று. பந்தயத்தில் ஓடிய சட்டகமோ எஞ்சினோ பெரும்பகுதி மிஞ்சாத அளவுக்கு அது மாற்றப்பட்டிருந்தது. ஆயினும் எந்த நாளிலும் அது கலைந்து வேறொன்றாகிவிடவில்லை, அதன் வரலாறு இடையறாமல் ஓடிவந்தது என்று கண்ட நீதிபதி ஆட்டன், அதை மெய்யான ஓல்டு நம்பர் ஒன் என்றே தீர்ப்பளித்தார். இந்திய அரசு 2021இல் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் வேறோர் அளவுகோலைத் தருகிறது: முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் பெறாத வாகனமே விண்டேஜ் வாகனம். மின்கம்பிகளைப் பற்றி இந்த வரையறை தனியே பேசவில்லை. சட்டம் எலும்பையும் தோலையும் இதயத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டு நரம்பை விட்டுவிட்டது என்று சொல்லலாம். அந்த விடுபாட்டில்தான் இந்தக் கட்டுரைக்குரிய கேள்வி குடியிருக்கிறது.

காரின் நரம்பு எப்போதும் சாவிக்கு அடங்கியதாக இருந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோல் ஆவிக்குத் தீ மூட்டும் பொறியைத் தந்தது மேக்னீட்டோ என்னும் கருவி. நிலைக்காந்தத்தின் புலத்தில் கம்பிச்சுருளைச் சுழற்றி, எஞ்சினின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் அமைப்பு அது; ராபர்ட் போஷின் நிறுவனத்தில் காட்லோப் ஹோனால்ட் 1902 அளவில் அதை உயர் அழுத்த வடிவில் செம்மைப்படுத்தினார். இவ்வகைக் கார்களில் சுவிட்சின் வேலை இன்றைய எண்ணத்துக்கு நேர்மாறானது. சுவிட்ச் திறந்திருக்கும்போது மேக்னீட்டோ தன்போக்கில் பொறி தரும். சுவிட்சை மூடினால் அதன் மின்சுற்று காரின் உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைக்கப்பட்டுப் பொறி அடங்கும். சுவிட்ச் உயிரைத் தருவதில்லை, மறைக்க மட்டுமே செய்கிறது. சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களில் படைத்தலுக்கும் அருளலுக்கும் வேறாக மறைத்தலைத் தனித்தொழிலாக எண்ணியது போல, பழைய மேக்னீட்டோ சுவிட்சுக்கு அந்த ஒரு தொழில் மட்டுமே உண்டு. அங்கிருந்து வேறொரு கருவிக்கு மின்சாரம் எடுக்க வழியே இல்லை. அந்தக் கம்பியில் எதைத் தொடுத்தாலும் பொறிக்குத்தான் கேடு.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் உருவான ஃபோர்டு மாடல் டி காரில் இக்கேடு நிலையானதாகவே ஆகிவிடக்கூடும். அதன் ஃப்ளைவீலில், அதாவது எஞ்சினோடு சுழலும் கனத்த தட்டில், 16 வளைகாந்தங்கள் பூட்டப்பட்டிருந்தன. அவை சுழல்வதால் எழும் மின்சாரமே பொறிக்கும், பின்னாளில் முகவிளக்குக்கும் போதியதாக இருந்தது. கார் மெல்ல ஓடினால் விளக்கு மங்கும், விரைந்தால் ஒளிரும். இக்காரில் பேட்டரியைச் சேர்த்துத் தவறான முனையில் கம்பியைத் தொடுத்து, பேட்டரியின் நேர்மின்னோட்டம் மேக்னீட்டோவுக்குள் பாய்ந்துவிட்டால், அந்தக் காந்தங்கள் தம் காந்தத்தன்மையை இழந்துவிடும். பிறகு எஞ்சினைப் பிரித்துக் காந்தமேற்ற வேண்டும், அல்லது வெளியிலிருந்தே வலிய மின்னோட்டம் செலுத்தி அதைச் சரிசெய்ய முயல வேண்டும். சேர்க்கப்பட்ட பொருள் தன்னைச் சேர்த்துக்கொண்ட உடலின் உயிர்மூலத்தையே அழிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்டு கிடைப்பது அரிது.

அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி எரியூட்டல் 1910ஆம் ஆண்டுக் காடிலாக்கிலும், அவரது மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக்கிலும் இடம்பெற்றபின் நிலைமை தலைகீழானது. ஆற்றல் பேட்டரியில் தேங்கி நின்றது. அதைப் பொறிக்கு அனுப்ப ஒரு வாயில் வேண்டியிருந்தது. சுவிட்ச் அப்போதுதான் மறைப்பவன் என்ற நிலையிலிருந்து வாயில்காப்போன் என்ற நிலைக்கு உயர்ந்தது.

பிரிட்டனின் லூகாஸ் நிறுவனம் வகுத்த நிற ஒழுங்கு இந்த ஆட்சிமுறையை வெளிப்படையாகக் கம்பியிலேயே எழுதி வைத்தது. பேட்டரியிலிருந்து எப்போதும் உயிரோடு வரும் கம்பி பழுப்பு. அது இக்னிஷன் சுவிட்சுக்குள் சென்று வெளியேறும்போது வெள்ளை. வெள்ளைக் கம்பி இக்னிஷன் காயிலுக்கும், அதாவது 12 வோல்ட்டைப் பொறி பாயத்தக்க பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும் சுருளுக்கும், எம்.ஜி.பி. போன்ற கார்களில் மின்சாரப் பெட்ரோல் பம்புக்கும் செல்கிறது. வெள்ளை ஒரு ஃபியூஸைக் கடந்தால் பச்சை. கண்ணாடித் துடைப்பான், திருப்ப விளக்கு, பெட்ரோல் அளவி முதலியன பச்சைக்கு உரியவை. பழுப்பு சுவிட்சுக்குப் போகாமல் ஃபியூஸைக் கடந்தால் ஊதா. ஹாரன் ஊதாவுக்கு உரியது. எர்த் கம்பி கருப்பு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த இந்திய அம்பாசடரின் வயர்களைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு இந்த இலக்கணம் புதிதன்று. சாவியைத் திருப்பினால் உயிர்பெறும் குலம் ஒன்று, சாவியை அறியாமலே உயிரோடிருக்கும் குலம் இன்னொன்று என்று காரின் எல்லா மின்கருவிகளும் இரண்டாகின்றன.

ஆக, உறுப்பு எது, உடைமை எது என்ற கேள்விக்குக் காரே ஒரு விடை வைத்திருக்கிறது. பனிமூட்ட விளக்கு எத்தனை திருகாணியால் முன்தடுப்பில் இறுக்கப்பட்டது என்பது பொருட்டில்லை; அது எவரது ஆணைக்கு உறங்கி எவரது ஆணைக்கு விழிக்கிறது என்பதே பொருட்டு. பச்சைக் கம்பியிலிருந்து உயிர்பெறும் கருவி காரோடு எழுந்து காரோடு அடங்குகிறது. பேட்டரியின் முனையில் நேரே தொடுத்த கருவியோ, ஒரே வீட்டில் ஒரே கிணற்றில் நீர் மொண்டுகொண்டு தன் நேரத்துக்குத் தான் எழும் குடக்கூலிக்காரனைப் போன்றது. சையோகம், சமவாயம் என்ற பாகுபாட்டில் சேர்க்கையின் இறுக்கமே அளவுகோலாக இருக்க, இங்கே அளவுகோல் அடக்கம். 'தற்கிழமை' என்ற சொல்லில் உள்ள 'தன்' என்பதும் இதையே சுட்டுகிறது எனலாம்: சாத்தன் உறங்கினால் கையும் உறங்கும், வீடு உறங்காது.

அவ்வாறாயின் சேர்க்கப்படும் எல்லாவற்றையும் சாவியின் கீழ் கொண்டுவருவதே முறை என்ற முடிவு எளிதில் எழும். பழைய கார்களில் நேரும் கெடுதல்களில் பெரும்பகுதி இந்த எளிய முடிவிலிருந்தே பிறக்கிறது. இக்னிஷன் காயில் ஏறத்தாழ 4 ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளும். அறுபது ஆண்டுப் பழைய சுவிட்சின் தொடுமுனைகளில், அதாவது உள்ளே ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் உலோகப் பரப்புகளில், தேய்மானத்தாலும் களிம்பாலும் 0.1 ஓம் மின்தடை உண்டாகியிருப்பதாகக் கொண்டால், 4 ஆம்பியருக்கு அங்கே இழப்பு 0.4 வோல்ட், பிறக்கும் வெப்பம் 1.6 வாட். அதே வழியில் 55 வாட் பனிமூட்ட விளக்குகள் இரண்டைச் சேர்த்தால் மேலும் 9 ஆம்பியர் பாயும். மொத்தம் 13 ஆம்பியருக்கு இழப்பு 1.3 வோல்ட், வெப்பம் ஏறத்தாழ 17 வாட். மின்னோட்டம் மும்மடங்குக்குச் சற்று மேலாகும்போது வெப்பம் பத்து மடங்காகிறது, ஏனெனில் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விளக்கு மங்கலாக எரிகிறது. அதே வெள்ளைக் கம்பியை நம்பியிருக்கும் காயிலுக்குச் சேரும் அழுத்தம் குறைந்து பொறியும் மெலிகிறது. சுவிட்சின் முதுகு கைபொறுக்காத சூடாகிறது. 6 வோல்ட் கார்களில் இதே விளக்குகளுக்கு இருமடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால் நிலைமை இன்னும் மோசம். இதற்கிடையே, எம்.ஜி.பி.யின் தொடக்ககால டைனமோ தரக்கூடியதே மொத்தம் 22 ஆம்பியர். பழைய லூகாஸ் ஃபியூஸில் '35' என்று எழுதியிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 மட்டுமே என்பதை அறியாமல், இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸை அங்கே செருகுவோர் காவலனை நீக்கிவிட்டுக் காவல் இருப்பதாக நம்புகின்றனர்.

சாவிக்கு அடங்குவது வேறு, சாவியின் மேல் ஏறி உட்கார்வது வேறு என்பது இதனால் புலனாகிறது. ஆணை ஒருவரிடமிருந்தும் ஆற்றல் வேறோரிடத்திலிருந்தும் வரக்கூடும் என்ற எண்ணம் இந்தியத் தத்துவத்துக்குப் பழையது. குடம் உண்டாவதற்கு மண் முதற்காரணம், திகிரியும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்திகள் மூன்றாகப் பகுத்து, உலகத் தோற்றத்தில் மாயையை முதற்காரணமாகவும் சக்தியைத் துணைக்காரணமாகவும் சிவனை நிமித்த காரணமாகவும் வைத்தனர். குயவன் குடத்தின் பொருளாக ஆவதில்லை; அவன் கைப்படாமல் குடமும் ஆவதில்லை. சாங்கியர் இன்னும் ஒருபடி மேலே சென்று, புருடன் என்னும் அறிவுப்பொருள் எதையும் தொடாமல், எதையும் செய்யாமல், அருகிருக்கும் மாத்திரத்தால் பிரகிருதி என்னும் சடப்பொருளை இயக்குகிறது என்றனர். காந்தத்தின் முன் இரும்பு அசைவது அவர்கள் காட்டிய உவமை. சங்கரர் பிரம்ம சூத்திர உரையில் இந்த உவமையை மறுத்தார். புருடனின் அருகிருப்பு எக்காலத்தும் உள்ளது என்றால் இயக்கமும் எக்காலத்தும் ஓயாமல் நடக்க வேண்டும். காந்தத்தின் அருகிருப்போ வந்துபோவது, அதைத் துடைத்து நேரே வைப்பதற்கும் ஒருவர் வேண்டும். உவமை பொருளுக்குப் பொருந்தவில்லை.

சங்கரரின் தடைக்குத் தொழில்நுட்பம் தந்த விடை என்று ரிலேயைச் சொல்வது சற்று விளையாட்டான பேச்சுத்தான். ஆனாலும் பொருத்தம் வியப்பளிப்பது. ரிலே என்பது ஒரு சிறு கம்பிச்சுருளும், அதனருகே வில்லால் விலக்கி நிறுத்தப்பட்ட இரும்புத் தகடும் கொண்ட பெட்டி. சாவியைத் திருப்பும்போது சுருளில் 0.2 ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் பாய்ந்து அது காந்தமாகிறது. தகடு இழுபட்டு, பேட்டரியிலிருந்து தனியே வரும் தடித்த கம்பியை விளக்கோடு இணைக்கிறது. சாவியைத் திருப்பி எடுத்தால் காந்தம் இல்லை, தகடு பழைய இடத்துக்கு மீள்கிறது. இரும்பு எப்போதும் அருகேதான் இருக்கிறது. காந்தத்தன்மை மட்டும் வந்துபோகிறது. இன்றைய ரிலேயின் அடியில் 85, 86 என்று பொறித்த முனைகள் ஆணைக்குரியவை. 30, 87 என்று பொறித்தவை ஆற்றலுக்குரியவை. இரண்டு இணைகளுக்கும் இடையே உலோகத் தொடர்பு எதுவும் இல்லை. 30ஆம் முனைக்கு வரும் கம்பியில், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், தனி ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது மட்டும் மறக்கக் கூடாதது. பழைய சுவிட்ச் இந்த ஏற்பாட்டில் நிமித்த காரணமாக நிற்கிறது: 9 ஆம்பியரின் பாரம் அதன்மேல் விழுவதில்லை, 9 ஆம்பியரும் அதன் சொல்லைக் கேட்கின்றன.

இந்த உறவு ஒருவழிப்பட்டதாகவே இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. பின்னர் பொருத்திய மின்விசிறி ஒன்றின் கம்பி ரிலே இல்லாமல் வெள்ளைக் கம்பியோடு நேரே சேர்ந்திருந்தால், சாவியை எடுத்தபிறகும் விசிறி சில நொடி தன் வேகத்தால் சுழலும். சுழலும் மோட்டார் மின்னாக்கியாகவும் செயற்படும் ஆதலின், அது உண்டாக்கும் மின்சாரம் வெள்ளைக் கம்பியில் பின்னோக்கிச் சென்று காயிலுக்கு உணவாகும். சாவி இல்லாமலே எஞ்சின் ஓரிரு நொடி ஓடும். ஏவலன் அரசனைத் தன் மூச்சால் உயிரோடு வைத்திருக்கும் இந்தக் காட்சியை எந்தக் காரணவாதியும் எதிர்பார்த்திருக்க மாட்டார். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும் டையோடு ஒன்றை இடையில் வைத்தால் இது நிற்கும்.

எஞ்சினை நிறுத்தியபின்னும் வானொலி கேட்க விரும்புவோரின் ஆசையும் ஒரு சிக்கலை உண்டாக்கியது. அவர்கள் எஞ்சினை ஓட்டாமல் சாவியை இக்னிஷன் நிலையிலேயே விட்டால், பொறிக்கு நேரம் குறிக்கும் தொடுமுனைகள் அந்நேரம் மூடிய நிலையில் இருக்கும் பட்சத்தில் காயிலில் மின்னோட்டம் ஓயாமல் பாய்ந்து, அது சூடேறிக் கெடும். இதற்காகவே பிற்காலச் சுவிட்சுகளில் துணைக்கருவிகளுக்கு மட்டும் உயிர் தரும் இடைநிலை ஒன்று சேர்க்கப்பட்டது. அணைந்த நிலைக்கும் ஓடும் நிலைக்கும் நடுவே, எஞ்சின் உறங்கப் பாட்டு மட்டும் ஒலிக்கும் அந்த நிலையை, ஆழ்ந்த உறக்கமாகிய சுழுத்திக்கும் விழிப்பாகிய சாக்கிரத்துக்கும் இடைப்பட்ட சொப்பனம் என்று அழைக்கலாம். உவமையை அதற்குமேல் நீட்டுவது உவமைக்கும் நல்லதல்ல, பேட்டரிக்கும் நல்லதல்ல.

அடங்குதல் உறுப்பாவதற்கு வேண்டிய ஒன்று. அது மட்டும் போதுமா என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற துரின் சாசனம், தவிர்க்க முடியாத மாற்றங்கள் மூலத்தைக் குலைக்காதவையாகவும் மீட்டெடுக்கத்தக்கவையாகவும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. பேட்டரி முனையிலிருந்து தனி ஃபியூஸோடு ஒரு கம்பி, பச்சைக் கம்பி புறப்படும் ஃபியூஸ் முனையில் செருகிய ஒரு மெல்லிய கம்பி, முன்பே இருக்கும் திருகாணித் துளையில் பொருத்திய ரிலே என்று அமைத்தால், ஒரு பிற்பகல் வேலையில் எல்லாவற்றையும் கழற்றிக் காரை 1962க்குத் திருப்பிவிடலாம். ஒரு பழைய இழையும் வெட்டப்பட்டிருக்காது. இங்கே முரண் ஒன்று தெரிகிறது. தற்கிழமை என்பது பிரிக்க முடியாமை. நல்ல பிற்சேர்க்கைக்குரிய இலக்கணமோ எளிதில் பிரிக்க முடிவது. பணியால் கை போல இருந்து, பொருளால் வீடு போல நீங்கத்தக்கதாக இருப்பதையே பழைய கார் தன் விருந்தினனிடம் எதிர்பார்க்கிறது. இலக்கண ஆசிரியர் நன்னூலார் இதற்கு மூன்றாம் கிழமை எதையும் வகுக்கவில்லை. வகுக்க வேண்டிய தேவை அவர் காலத்தில் எழுந்ததாகவும் தெரியவில்லை.

இந்த எதிர்பார்ப்பை மீறி, விருந்தினனுக்காக வீடே மதம் மாறுவதும் உண்டு. 1967 வரை வந்த எம்.ஜி.பி. உட்பட அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருந்தது. இன்றைய வானொலியும் கைப்பேசிக்கு ஊட்டும் கருவியும் எதிர்முனை உடலோடு இணைந்திருப்பதையே எதிர்பார்க்கின்றன. ஆகவே பேட்டரி முனைகளை மாற்றி, காயிலின் இரு கம்பிகளை இடம் மாற்றி, டைனமோவின் புலச்சுருளுக்குரிய முனையில் பேட்டரியின் உயிர்முனையை ஒரு கணம் தொட்டு அதன் காந்தத் திசையைப் புரட்டி, முழுக் காரையும் புதிய முனைக்கு மாற்றுகின்றனர். ஒரு திருகாணிகூட அதிகமாகச் சேர்வதில்லை, பார்வைக்கு எதுவும் மாறுவதில்லை, வேண்டுமானால் மறுநாளே திருப்பி மாற்றவும் முடியும். ஆயினும் ஒவ்வொரு கம்பியிலும் மின்னோட்டத்தின் திசை மாறிவிட்டது. சட்டத்தின் எலும்புக் கணக்குக்கும், சாசனத்தின் மீட்புக் கணக்குக்கும் இந்த மாற்றம் அகப்படாது. சேர்க்கையை மட்டுமே தேடும் கண்ணுக்கு, சேர்க்கையே இல்லாத இந்த மாற்றம் தெரிவதில்லை.

அடக்கமே உறுப்புரிமை என்ற இக்கட்டுரையின் கருத்துக்கு மிக வலிய தடை பழைய காரின் உள்ளிருந்தே வருகிறது. ஊதாக் குலத்தைச் சேர்ந்த ஹாரனைத் தொழிற்சாலையே பொருத்தியது. அது சாவிக்கு ஒருநாளும் அடங்கியதில்லை. இரவில் தெருவோரம் நிறுத்திய கார் தன் இருப்பைக் காட்ட வேண்டியிருந்ததால் சிறு விளக்குகளும் பல கார்களில் சாவியைக் கடந்தவையாகவே விடப்பட்டன. அவற்றைக் காரின் உறுப்பல்ல என்று எவரும் சொல்ல மாட்டார். இத்தடைக்குத் தரத்தக்க விடை ஒன்றுதான்: காரின் தன்மை என்பது ஓடுவது மட்டுமன்று, நிற்பதும் அதன் வாழ்வில் ஒரு பகுதி, ஓடும் வாழ்வுக்குரிய உறுப்புகள் சாவிக்கும், நிற்கும் வாழ்வுக்குரியவை வேறொன்றுக்கும் அடங்குகின்றன. மூச்சும் இதயமும் உறக்கத்தில் நிற்பதில்லை என்பதால் அவை சாத்தனுக்குத் தற்கிழமை அல்லாமற் போவதில்லை. ஆகவே புதிதாக எதையேனும் சேர்ப்பவர் கேட்க வேண்டியது, இது காரின் விழிப்புக்கு உரியதா உறக்கத்துக்கு உரியதா என்பதே. விழிப்புக்குரியதை உறக்கத்தின் கம்பியில் தொடுப்பதும், உறக்கத்துக்குரியதை விழிப்பின் கம்பியில் தொடுப்பதும் ஒரே வகைப் பிழை.

விண்டேஜ் என்று பதிவான வாகனத்தைக் கண்காட்சிக்கும் ஆய்வுக்கும் பேரணிக்கும், அவற்றுக்கு வேண்டிய எரிபொருளுக்கும் பழுதுபார்ப்புக்குமே வெளியே எடுக்கலாம் என்று 2021ஆம் ஆண்டு விதி சொல்வதால், அத்தகைய கார் தன் நாட்களில் மிகப் பலவற்றை உறங்கியே கழிக்கிறது. அந்நாட்களில் முகப்புப் பலகையில் ஓடிக்கொண்டிருப்பது கடிகாரம் மட்டும். பழைய மின் கடிகாரங்கள் பலவற்றின் உள்ளே உண்மையில் ஓடுவது ஒரு சுருள்வில். வில் தளர்ந்ததும் இரண்டு தொடுமுனைகள் சேர, ஒரு சிறு மின்காந்தம் நெம்பை உதைத்து வில்லை மீண்டும் முறுக்க, முனைகள் பிரிகின்றன. ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை அந்தச் சிறு ஒலி, பூட்டிய கொட்டகைக்குள், சாவி வேறெங்கோ இருக்க, கேட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரியை எவரும் கவனியாமல் அதன் வலு குறைந்துவிட்டால் காந்தத்தால் நெம்பை முழுதாக உதைக்க முடியாது. பிரிய வேண்டிய முனைகள் ஒட்டியபடியே நிற்கும். மிஞ்சிய மின்சாரமெல்லாம் அந்தச் சுருளின் வழியே ஒழுகி, சுருள் கருகும்.